தொல்லியல் துறை: பெயரில் இருப்பதும் இல்லாததும்

தொல் + இயல் = தொல்லியல். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதிப்படி லகரம் இரட்டித்தது. ‘தொல்’ என்பது தொன்மை. ‘இயல்’ என்பது ஒரு துறை சார்ந்த அறிவு.

ஆங்கிலத்தின் ‘ஆர்க்கியாலஜி’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘அர்க்கையோஸ்’ என்றால் பழையது, ‘லோகியா’ என்றால் எடுத்துரைத்தல். பழைய வரலாற்றைச் சொல்வதையே கிரேக்கர்கள் அந்தச் சொல்லால் குறித்தார்கள். மண்ணைத் தோண்டி ஆராயும் பொருள் பல நூற்றாண்டுகள் கழித்தே அதில் ஏறியது.

தமிழில் முன்பு ‘புதைபொருள் ஆராய்ச்சி’ என்றும் ‘தொல்பொருள் ஆய்வு’ என்றும் எழுதினார்கள். முதலாவது, புதையல் தேடும் வேலை என்ற தவறான எண்ணத்தைத் தருகிறது. புதையலுக்கு 1878 முதல் தனிச் சட்டமே உண்டு. இரண்டாவது தவறில்லை, ஆனால் குறுகியது. கல்வெட்டும், கட்டடமும், மண்ணடுக்கும், கரிந்த நெல்லும்கூட இந்த ஆய்வுக்குச் சான்றுகள்தாம். அத்தனையையும் ‘தொல்லியல்’ அடக்கிக்கொள்கிறது. அது நிலைபெற்றது நல்லதே.

சிக்கல் இந்தியத் தொல்லியல் துறையின் ஆங்கிலப் பெயரான ‘ஆர்க்கியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா’வில் உள்ள ‘சர்வே’, அதாவது அளவாய்வு, என்ற சொல்லில் இருக்கிறது. பட்டாவில் ‘சர்வே எண்’ என்று நாம் அறிந்த அதே சொல். 1861இல் அலெக்சாண்டர் கன்னிங்காமிடம் ஒப்படைக்கப்பட்ட பணியும் அதற்கேற்றதே: பழைய இடங்களைத் தேடிப் போவது, அளப்பது, வரைவது, கல்வெட்டுகளைப் படியெடுப்பது. இராணுவப் பொறியாளரான அவர் சீனப் பயணி யுவான் சுவாங்கின் குறிப்புகளைத் துணைகொண்டு வட இந்தியாவின் பௌத்தத் தலங்கள் பலவற்றை அடையாளம் கண்டார். 1866இல் கைவிடப்பட்ட பணி, 1871இல் அவர் தலைமையிலேயே தனித் துறையாக மீண்டது.

பாதுகாப்பு என்ற பொறுப்பு பின்னால் வலுப்பெற்றது. 1902இல் ஜான் மார்ஷல் தலைமை இயக்குநரானார். 1904இல் பழமைச் சின்னங்களைக் காக்கும் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரமும் இந்தத் துறையின் பொறுப்பில் உள்ளவை. மக்கள் இத்துறையைப் பெரும்பாலும் காவலராகவே அறிவார்கள். அந்தக் காவலோ பெயரில் இல்லை.

இந்தக் காவலைக் குறிக்கும் வினையையும் பார்த்து எழுத வேண்டும். ‘புதுப்பித்தல்’ பொருந்தாது. உள்ளதை உள்ளபடி நிறுத்துவதே முதல் கடமை, இழந்ததை ஊகித்துக் கட்டுவதன்று என்பதை மார்ஷல் 1923இல் வெளியிட்ட பேணுகைக் கையேடு வலியுறுத்தியது. கோயில் திருப்பணி வேறு மரபு, வேறு நோக்கம். இங்கே ‘பேணுதல்’ என்பதே சரியான சொல்.

முழுப் பெயருக்கு ‘இந்தியத் தொல்லியல் அளவாய்வுத் துறை’ என்பது மூலத்துக்கு நெருக்கமானது என்பேன். அன்றாட எழுத்துக்கு ‘இந்தியத் தொல்லியல் துறை’ போதும். ‘இந்திய’ என்ற முன்னொட்டை மட்டும் விடக் கூடாது, ஏனெனில் தமிழ்நாடு அரசுக்கும் தனித் தொல்லியல் துறை உண்டு. கீழடியில் முதல் மூன்று கட்ட அகழாய்வு இந்திய அரசின் துறை செய்தது. 2018இல் நடந்த நான்காம் கட்டம் முதல் தமிழ்நாட்டுத் துறை செய்கிறது. கீழடிச் செய்தியில் வெறுமனே ‘தொல்லியல் துறை’ என்று எழுதினால், எந்தக் கட்டத்தின் கண்டுபிடிப்பு, யார் வெளியிடும் அறிக்கை என்று வாசகருக்குத் தெரியாமல் போகும்.