பெர்பெரே ஏன் கருகுகிறது?

எத்தியோப்பியாவின் கோழிக்குழம்பான தோரோ வத் செய்து பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காய்ந்த எண்ணெயில் பெர்பெரே பொடியைப் போட்டதுமே கறுத்து, குழம்பு கசந்துவிட்டது. பொடி மட்டமோ?" பொடியின் மேல் பழி வேண்டாம். சட்டியில் ஈரம் இல்லாததுதான் கோளாறு.

பெர்பெரேயில் பெரும்பங்கு வற்றல் மிளகாய். அம்ஹாரிக் மொழியில் மிளகாய்க்கே அந்தப் பெயர்தான். வற்றலை இடித்து, பூண்டு, இஞ்சி, துளசி இனத்து பெசொபிலா, அருவதா இலையோடு பிசறி, சில நாள் மூடி வைத்து, மீண்டும் வெயிலில் காயவைப்பார்கள். பிறகு வறுத்த கொரரிமா, ஓமம், கருஞ்சீரகம், வெந்தயம், உப்பு கூட்டி அரைப்பு. கொரரிமா அந்த மண்ணின் சொந்த ஏல வகை. மிளகாயோ 1492-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து கிளம்பியது. "மூவாயிரம் ஆண்டுப் பெர்பெரே" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இனி வெங்காயம். ஒரு கோழிக்கு 1 கிலோ சிவப்பு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமல், வெறும் சட்டியில் 30 முதல் 45 நிமிடம் கிளறுகிறார்கள். அதன்பிறகே, முன்னமே மசாலாவோடு உருக்கி வைத்த நெய் 150 கிராம், பெர்பெரே 50 கிராம். வெங்காயத்தில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர். அது இருக்கும்வரை சட்டியின் சூடு கொதிநிலையைத் தாண்டாது. சுமார் 2,350 மீட்டர் உயரத்து அடிஸ் அபாபாவில் அது 92 டிகிரிதான்! வெறும் எண்ணெய் 180 டிகிரிக்கு எளிதாக ஏறும். மிளகாயின் சர்க்கரை அங்கே நொடிகளில் கருகும். நிறம் தரும் கேப்சாந்தினும் காரம் தரும் கேப்சைசினும் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை, நெய்யில் இறங்குபவை. ஆக, கரைப்பது நெய், காவல் காப்பது தண்ணீர். கரைந்த வெங்காயம் இரண்டையும் பிணைத்துக் குழம்பைக் கெட்டியாக்குகிறது, மாவு தேவையில்லை.

நெய் பிரிந்து மேலே வந்தால் காவல் போய்விட்டது என்று பொருள். உடனே இரண்டு கரண்டி வெந்நீர் தெளிக்க வேண்டும். பச்சை வாசனை போக 20 நிமிடமாவது இப்படியே சிறு தீயில்.

அடுப்பு திருத்தாத கேடு ஒன்று உண்டு. ஈரம் போகாமல் மூட்டை கட்டிய வற்றலில் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது முழுதாக அழியாது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்ப் பொடிக்கு வைத்த மொத்த வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். ஆய்வு நிதியை எதற்குக் கொடுப்பது என்று என்னைக் கேட்டால், கார அளவுப் போட்டிகளை விட்டுவிட்டு, விவசாயிகளின் உலர்களங்களுக்கே கொடுப்பேன். வாங்கும்போது வற்றலை உடைத்துப் பாருங்கள்: படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் வேண்டாம்.