கை கிரீம் கேட்டால் மருந்து டியூபை நீட்டுகிறார்கள்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் பட்டுத் தறி நெய்கிறவர் ஒருவர் சமீபத்தில் கையைக் காட்ட வந்தார். புறங்கைத் தோல் மெலிந்து நரம்புகள் அப்படியே தெரிந்தன. விரல் ஓரங்களில் வெடிப்பு. மணிக்கட்டைச் சுற்றி வட்டம் வட்டமாகப் படர்தாமரை. என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டதும் சட்டைப் பையிலிருந்து கசங்கிய டியூப் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "பிசுபிசுன்னு இல்லாத கிரீமா குடுங்கன்னு மெடிக்கல்ல கேட்டேன் டாக்டர். இதைத்தான் குடுத்தாங்க. ரெண்டே நாள்ல கேட்டுச்சு." குளோபெட்டசால் என்ற, தோலை மெலிய வைக்கும் வீரியமான ஸ்டீராய்டு, கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக். மாதக்கணக்கில் அதைத்தான் கை கிரீமாகப் பூசியிருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டு, ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இப்படி வருகிறவர் இவர் ஒருவர்தான் என்றால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மார்கழி பிறந்தால் போதும், இதே டியூப் வேறு வேறு பெயரில் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கிறது. பாத்திரம் தேய்த்துக் கை வெடித்த பெண்கள், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்கள், சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில் ஈரத்திலேயே நிற்கிறவர்கள், ஓட்டல் மாஸ்டர்கள், எல்லோரிடமும் அதே பதில்: "மத்த கிரீம் எல்லாம் பிசுபிசுங்குது டாக்டர்."

அவர்கள் கேட்பது நியாயமான விஷயம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கிரீம்னா ஒட்டத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பட்டு இழையில் எண்ணெய்க் கறை விழுந்தால் நெய்தவருக்குக் கூலி பிடிப்பார்கள். சரி, எதுவுமே தடவாமல் விடலாம் என்றால், சொரசொரத்த விரல் நுனியில் இழை மாட்டுகிறது. பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) பிணைக்க உட்கார்ந்தால் இழை இழையாக அறுகிறது. விரல் மெத்தென்றும் இருக்க வேண்டும், பசையும் ஒட்டக் கூடாது. சப்பாத்தி மாவு பிசைகிறவர், பில் போடுகிறவர், பரீட்சைத்தாள் திருத்தும் ஆசிரியர், வண்டி ஓட்டுகிறவர், எல்லோருக்கும் இதே தேவை இருக்கிறது. அப்படிப்பட்ட கிரீம்கள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஸ்டீராய்டு இருக்காது.

என்னை மிகவும் சோர்வடைய வைக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு. எண்ணெய்ப் பசை இருந்தால்தான் சத்து, கையில் ஒட்டாத கிரீம் வெறும் வாசனைத் தண்ணீர் என்று நினைப்பது. படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். வறட்சி என்றால் தோலில் எண்ணெய் குறைந்துவிட்டது, அதனால் எண்ணெயை ஊற்ற வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. குறைந்திருப்பது தண்ணீர். தோலின் மேலடுக்கில் தண்ணீர் வற்றினால் அது விறைத்து, செதில் எழும்பி, வெடிக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எளிமையாகக் காட்டினார். காய்ந்துபோன பாதக் காய்ப்புத் தோலின் துண்டுகளை எண்ணெயில் போட்டு வைத்தார். அவை விறைப்பாகவே இருந்தன. தண்ணீர் ஏறிய துண்டுகள் மட்டும் வளைந்து கொடுத்தன. அது தெரிந்து எழுபது வருடத்துக்கு மேலாகிறது. நாம் இன்னும் காய்ந்த கையில் நல்லெண்ணெயைத் தேய்த்துவிட்டு, வெடிப்பு ஏன் ஆறவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எண்ணெயும் பெட்ரோலியம் ஜெல்லியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் மூடி வைப்பது அவற்றின் வேலை. அந்த வேலையில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சுவது கடினம். ஆனால் மூடுவதற்கு உள்ளே ஈரம் இருக்க வேண்டும், மூடி கையிலேயே இருக்கவும் வேண்டும். பகலில் ஜெல்லி தடவிய எத்தனை பேர் அதைத் துடைக்காமல் விடுகிறீர்கள்? ஐந்து நிமிடத்தில் வேட்டியிலோ முந்தானையிலோ துடைத்துவிடுகிறீர்கள். மறுநாள் தடவுவதில்லை. வெடிப்பு பெரிதாகிறது, எரிகிறது, மெடிக்கலுக்குப் போகிறீர்கள், அந்த டியூப் வருகிறது. நான் பார்க்கும் கைகளில் முக்கால்வாசியின் வழி இதுதான். நாளுக்கு ஒரு முறை பூசித் துடைத்துப்போட்ட கெட்டிக் களிம்பைவிட, கழுவும்போதெல்லாம் தடவும் லேசான கிரீம்தான் கையைக் காப்பாற்றும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. முகத்தைப் போல அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளாது.

சரி, எதை வாங்குவது? பிராண்டு பெயர் கேட்காதீர்கள், டியூபைத் திருப்புங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். அதிகம் சேர்த்தது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். முதலில் தண்ணீர் வரும், அக்வா என்றும் போட்டிருக்கும். அடுத்த நான்கைந்து பெயர்களுக்குள் கிளிசரின் இருக்கிறதா பாருங்கள். தண்ணீரைப் பிடித்து வைப்பதில் அது பழைய, மலிவான, நம்பகமான சரக்கு. ஆனால் கிளிசரின் மிகுந்துவிட்டால் அதுவே ஒட்டும். அந்த ஒட்டலைக் குறைக்கத்தான் டைமெத்திகோன் என்ற சிலிகோனைச் சேர்க்கிறார்கள். தடவிய பிறகு கை உலர்ந்தாற்போல் வழவழவென்று இருப்பது பெரும்பாலும் அதனால்தான். தண்ணீர் வெளியேறுவதையும் அது ஓரளவு தடுக்கும். கிளிசரினும் டைமெத்திகோனும் சேர்ந்த ஒரு சாதாரணக் கிரீம், தறிக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் போதும். தோலிலேயே இருக்கும் கொழுப்பு வகையான செராமைடு இருந்தால் நல்லது, அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

கை காய்த்துத் தடித்திருந்தால் யூரியா சேர்ந்த கிரீம் நன்றாக வேலை செய்யும், பத்து சதவீதம் வரை. யூரியா என்றதும் வயலுக்குப் போடும் உரமா என்று முகம் சுளிக்க வேண்டாம், நம் தோலிலேயே அது இயற்கையாக இருக்கிறது. ஆனால் திறந்த வெடிப்பில் பட்டால் எரியும், வெடிப்பு மூடிய பிறகு தொடங்குங்கள். இருபது, நாற்பது சதவீத டியூபுகளும் கிடைக்கின்றன, அவை தோலைக் கரைத்து உரிப்பதற்கானவை. நீங்களாக வாங்காதீர்கள்.

சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் என்ற பெயர்களைப் பார்த்துவிட்டு "ஆல்கஹால் இருக்கு, தோலைக் காய வைக்கும்" என்று டியூபைத் திரும்ப வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். அவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள், கிரீமுக்குப் பதம் கொடுப்பவை. பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வாசனைக்கு. வெடித்த தோலில் வாசனைத் திரவியம் ஒவ்வாமையைக் கிளப்பும். கிரீம் கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கும் மீதைல் ஐசோதயசோலினோன் என்ற பொருளும் அப்படித்தான். தடவி அப்படியே விடும் கிரீம்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-இலேயே தடை போட்டுவிட்டது. ஹெர்பல் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தால் மட்டும் இந்தப் பிரச்சினை வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். எலுமிச்சை எண்ணெய்க்கும் லாவெண்டர் எண்ணெய்க்கும் ஒவ்வாமை வந்த கைகள் எத்தனையோ. கை கிரீமில் 'ஒயிட்டனிங்' என்று கண்டால் தயவுசெய்து கீழே வைத்துவிடுங்கள்.

பிசுபிசுப்பைக் கடையிலேயே சோதிக்கலாம். டெஸ்டர் இருந்தால் கொத்தமல்லி விதையளவு புறங்கையில் தடவி, ஐந்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். அப்புறம் பழைய பில் காகிதத்தைக் கையில் அழுத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். காகிதம் கண்ணாடியாகத் தெரியும் இடம் எண்ணெய் இறங்கிய இடம், அந்தக் கிரீம் தறிக்கு ஆகாது. நெய்கிறவர்கள் வீட்டுக்குப் போய்க் கழிவு இழையிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், பாவில் கை வைப்பதற்கு முன்னால்.

இன்னொன்று. கிரீம் மீது சொல்லும் குற்றத்தில் பாதி, தடவும் அளவின் குற்றம். ஆள்காட்டி விரலின் நுனி ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும், அது ஒரு கையின் இரண்டு பக்கத்துக்கும் போதும். மக்கள் உள்ளங்கை நிறையப் பிதுக்குகிறார்கள், அதுவும் முழுக்கக் காய்ந்த கையில். கழுவி, துண்டால் ஒற்றி, லேசான ஈரம் இருக்கும்போதே தடவுங்கள். புறங்கை, விரல் இடுக்கு, நகத்தைச் சுற்றி. உள்ளங்கை கடைசி. கெட்டி ஜெல்லியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மேலே பருத்திக் கையுறையோ பழைய பருத்தி சாக்ஸோ போட்டுக்கொண்டு தூங்கலாம். டியூபை வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் கிரீம் பிரிந்துபோகும்.

கிரீம் எவ்வளவு நல்லதானாலும், கை நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் அது தோற்றுவிடும். தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, இருபது தடவைக்கு மேல் கழுவினாலோ அதை ஈர வேலை என்று எங்கள் துறையில் கணக்கு வைக்கிறோம். நம் வீடுகளில் சமையலறையைப் பார்க்கிற எந்தப் பெண்ணும் இந்தக் கணக்குக்குள் வருவார். பாத்திரம் தேய்க்கும் பவுடரால் கை கழுவாதீர்கள். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள், அதன் அடியில் தங்கும் சோப்புதான் அந்த இடத்தில் அரிப்பாகிறது. போர் தண்ணீரில் சோப்பு தோலில் படிந்துவிடும், இரண்டு முறை நன்றாக அலசுங்கள். ரப்பர் கையுறை போட்டால் உள்ளே பருத்திக் கையுறை. வியர்த்து நனைந்தால் கழற்றி மாற்றுங்கள்.

ஏற்காட்டில் நிலைமை இன்னும் கொஞ்சம் கடினம். 1,500 மீட்டர் உயரம், காப்பிப் பழம் பறிக்கும் காலமும் பனிக்காலமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. வேலைக்கு நடுவே கிரீம் தடவ முடியாது என்று எஸ்டேட் பெண்கள் சொல்வது உண்மைதான். அவர்களுக்கு நான் சொல்வது: தோட்டத்துக்குக் கிளம்பும் முன் ஒரு முறை, மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிச் சாப்பிட்ட பிறகு ஒரு முறை, சாயங்காலம் வீட்டு வேலை முடிந்ததும் ஒரு முறை, ராத்திரி ஜெல்லி. குளிருக்கு அடுப்பில் கை காட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா, அந்தச் சூடு தோலில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் எடுத்துவிடும்.

எல்லாக் கை வறட்சியும் வறட்சி அல்ல. ஒரு கை மட்டும் செதிலாக உரிந்து, இரண்டு பாதங்களும் அதேபோல உரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதன் மேல் ஸ்டீராய்டு பூசினால் உருமாறி, எங்களுக்கே அடையாளம் தெரியாமல் பரவும். விரல் ஓரத்தில் அரிப்போடு நீர்க்கொப்புளம் வந்தால், நகத்தில் குழி விழுந்தால், சிமெண்டு வேலைக்கோ தலைச்சாயத்துக்கோ பிறகு கை வெடித்தால், மூன்று வாரம் ஒழுங்காகக் கிரீம் தடவியும் ஆறாவிட்டால், வந்து காட்டுங்கள். சர்க்கரையும் தைராய்டும்கூடத் தோலைக் காய வைக்கும்.

அந்த டியூபைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்டீராய்டு கிரீம் விஷம் இல்லை. கை எக்சிமாவுக்கு, அதாவது கரப்பானுக்கு, நாங்களே எழுதித் தருகிறோம், இத்தனை நாள், இவ்வளவு, பிறகு இப்படிக் குறைக்க வேண்டும் என்று சொல்லி. இவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு அட்டவணை ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. டியூபில் சிவப்புக் கோடு இருந்தால், பெயரின் முடிவில் 'சோன்', 'சால்' என்று வந்தால், யாரோ சொன்னார்கள் என்று தடவாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவியிருந்தால், நிறுத்தியதும் முன்பைவிடச் சிவந்து அரிக்கலாம். அதைப் பார்த்துவிட்டுப் பழையபடி தொடங்கிவிடாமல் நேரே ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காசு இல்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. மெடிக்கல் ஷாப் நண்பர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: கை காய்கிறது என்று வருகிறவருக்கு அந்த டியூபை நீட்டாதீர்கள். உங்கள் அலமாரியிலேயே கிளிசரின் கிரீம் இருக்கிறது.

தறிக்கூடம், கொலுசுப் பட்டறை, ஓட்டல், எஸ்டேட் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாயடியில் சோப்பு வைக்கிறீர்கள் அல்லவா, அதன் பக்கத்தில் வாசனையில்லாத கிளிசரின் கிரீம் ஒரு பம்ப் பாட்டில் வையுங்கள். ஆளுக்கொரு டியூப் வாங்கச் சொன்னால் வாங்க மாட்டார்கள். கை எட்டும் இடத்தில் இருந்தால் போகிறபோக்கில் ஒரு அழுத்து அழுத்தித் தடவிக்கொண்டு போவார்கள்.