மலையிலிருந்து இறங்கும் பன்னிரண்டு டன்

குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு பழைய ராணுவ லாரி வெகு நாளாக நின்றது. பட்டாளத்தில் பழுதான வண்டிகளை இழுத்து வருகிற மூன்று அச்சு ரெக்கவரி லாரி. ஏலத்தில் எடுத்து வந்து மரம் இழுக்க வைத்திருந்தார்கள். இப்போது இஞ்சினும் ஓடாது, பிரேக்கும் பிடிக்காது. கோயம்புத்தூரில் ஒருவர் அதை வாங்கி மறுபடி ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். அதனால் ட்ரெய்லரில் ஏற்றி மலையிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. ராணுவ முகாம் உள்ள வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் பச்சை லாரிகள் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஒரு லாரி இன்னொன்றின் முதுகில் ஏறி மலை இறங்குவதைப் பார்க்கக் காலையிலேயே போய் நின்றுவிட்டேன்.

முதல் சிக்கல் உயரம். பொதுவாகச் சரக்கு வண்டி, ஏற்றிய சுமையோடு சேர்த்து 4 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் 2.6 மீட்டர். சாதாரண ட்ரெய்லரின் தளமே தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் இருக்கும். அதன்மேல் 3 மீட்டர் லாரி ஏறினால் 4.5 ஆகிவிடும். ஆகவே தளம் முழங்காலுக்குச் சற்று மேலே மட்டும் இருக்கிற லோபெட்தான் வழி. படுதா வளைவுகளையும் கழற்றிவிட்டார்கள்.

உயரம் தீர்ந்தால் நீளம் வந்து நிற்கும். கொண்டை ஊசி வளைவில் ட்ரெய்லரை முன்னே இழுக்கும் இழுவை லாரி போன தடத்தில் ட்ரெய்லரின் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வெட்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் கணக்குதான். ட்ரெய்லரின் கழுத்து இழுவை லாரியோடு சேரும் இடத்துக்குக் கிங்பின் என்று பெயர். அது 12 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது என்று வையுங்கள். கிங்பின்னுக்கும் பின்அச்சுக்கும் நடுவே 11 மீட்டர் இருந்தால், வளைவை முழுதாகச் சுற்றும்போது பின்சக்கரம் 7 மீட்டருக்கு மேல் உள்ளே போய்விடும். அது கிட்டத்தட்ட முழுச் சாலையின் அகலம். இடைவெளி 8 மீட்டரானால் 3 மீட்டர்தான் வெட்டும். சமவெளியில் சட்டப்படி தாராளமாக ஓடுகிற நீள ட்ரெய்லர், மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசிகளில் மாட்டிக்கொள்வது இதனால்தான். வந்திருந்தது 8 மீட்டர் வண்டி.

ஆனால் குட்டை ட்ரெய்லரில் சுமையை வைக்கிற இடத்தில் தப்பு செய்ய இடமே கிடையாது. இரண்டு பேர் ஒரு தடியில் மூட்டையைக் கட்டித் தோளில் தூக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டை யார் பக்கம் நகர்கிறதோ அவர் தோள்தான் நோகும். ட்ரெய்லரும் அப்படித்தான்: முன்தோள் கிங்பின், பின்தோள் ட்ரெய்லரின் இரட்டை அச்சு. தடி குட்டையாக இருந்தால் மூட்டை ஒரு சாண் நகர்ந்தாலும் பாரம் அதிகம் இடம் மாறும்.

நம் சட்டமும் ஒவ்வொரு தோளையும் தனித்தனியாகப் பார்க்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு மாற்றிய வரம்புப்படி, நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சு 11.5 டன் தாங்கலாம் (முன்பு 10.2), எட்டு டயர் இரட்டை அச்சு 21 டன் (முன்பு 19). ஆர்.சி. புக்கில் குறைவாக இருந்தால் அதுதான் கணக்கு.

எங்கள் வண்டியையே எடுத்துக்கொள்வோம். எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். ஏறுகிற லாரி 12 டன், காலி ட்ரெய்லர் 6, இழுவை லாரி 7. மொத்தம் 25 டன். இந்த வகை வண்டிக்கு அனுமதித்த மொத்தத்துக்கு இது வெகுவாகக் கீழே. ஏறுகிற லாரியின் பாரமையம் (முழு எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) கிங்பின்னுக்கும் இரட்டை அச்சுக்கும் நட்டநடுவில் விழுந்தால் இருபுறமும் 6 டன் இறங்கும். இழுவை லாரியின் பின்அச்சில் அந்த 6, ட்ரெய்லர் கழுத்தின் சொந்தப் பாரம் 2.5, இழுவை லாரியின் சொந்தப் பாரம் 2.7, ஆக 11.2 டன். சரி, வரம்புக்குள். இப்போது ஏறுகிற லாரியை அரை மீட்டர் முன்னே தள்ளுங்கள். முக்கால் டன் முன்பக்கம் வந்து, அதே அச்சு 11.95 ஆகிவிடும். ஒரு கிலோ கூடக் கூட்டாமலே சட்டத்தை மீறியாயிற்று.

அன்று இதை நேரிலேயே பார்த்தேன். சாய்தளத்தில் கம்பிவடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச் முனகிக்கொண்டு ஏற்ற, கிளீனர் பையன் கேட்டான்: "ஏனுங்ண்ணா, இன்னுங் கொஞ்சம் முன்னாடி ஏத்தீரலாமுங்களா?" ஓட்டுநர் தளத்தில் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டைக் காட்டினார். "வேண்டாங் கண்ணு, கோட்டத் தாண்டுனா கழுத்து உக்காந்துரும்." அந்தக் கோடு குத்துமதிப்பில் போட்டதல்ல. முந்தின நாளே லாரியை எடைமேடைக்கு இழுத்துப் போய், முதலில் முன்சக்கரங்களை மட்டும், பிறகு பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை எடுத்திருந்தார். இரண்டு எடையும் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரமும் தெரிந்தால் பாரமையம் எங்கே என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம்.

அச்சு எடையில் இவ்வளவு கறார் ஏன்? 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் சாலைத் துண்டுகளைப் போட்டு, லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம், அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் படிக்கு உயர்கிறது என்று தெரிந்தது. அச்சில் 20 சதவீதம் கூடினால் சேதம் இரண்டு மடங்கு. மழைக்கு மண் சரிகிற எங்கள் மலைச்சாலைக்கு இது சாதாரண விஷயமில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. மிகுதியை இறக்காமல் வண்டி நகரவும் முடியாது.

அப்புறம் கட்டுவது. திடீர் பிரேக்கில் சுமை தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னால் பாயும், பக்கவாட்டில் 0.5 பங்கு என்பது பல நாடுகளில் கடைப்பிடிக்கும் கணக்கு. 12 டன் லாரிக்கு முன்னோக்கி 9.6 டன். டயருக்கும் ஈரத் தளத்துக்கும் உள்ள உராய்வு மூன்றரை டன் பிடித்துக்கொண்டாலும் மீதி 6 டன்னைப் பின்பக்கத்து இரண்டு சங்கிலிகள்தான் தாங்க வேண்டும். சங்கிலி 45 டிகிரி சாய்ந்திருந்தால் அதன் இழுப்பில் 0.7 பங்குதான் கிடைமட்டமாக உதவும். ஆக ஒவ்வொன்றிலும் 4.3 டன். 10 மில்லிமீட்டர் கிரேடு 80 சங்கிலி 6 டன்னுக்குச் சற்று மேல் தாங்கும். கயிறோ சாதாரண பெல்ட்டோ இங்கே ஆகாது. சங்கிலியை லாரியின் அடிச்சட்டமான சேசிஸில் மாட்டாமல் அச்சிலேயே மாட்டினார்கள். சேசிஸில் கட்டினால் பட்டை வில் அமுங்கும்போதெல்லாம் சங்கிலி தளர்ந்துவிடும். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டையும் வைத்தாயிற்று.

இனி இறக்கம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர். எஸ்டேட்டிலிருந்து அதுவரை ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்க வேண்டும். 25 டன் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 370 மெகாஜூல். மொட்டை மாடியில் இருக்கிற 1,000 லிட்டர் டேங்க் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்த பிறகும் இதில் மிச்சம் இருக்கும். டயரும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்கே வாங்கி, சூடு வெளியேறவும் வழியில்லாவிட்டால்? எட்டு பிரேக் டிரம், ஒன்று 50 கிலோ என்று வைத்தால், வார்ப்பிரும்பு உருகும் சூட்டையும் தாண்டிவிடும். நல்லவேளையாகக் காற்று குளிர்விக்கிறது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். சூடேறினால், டிரம்மின் உள்ளே அழுத்திப் பிடிக்கிற ஷூவின் மேலுள்ள லைனிங்கின் பிடிமானம் குறையும். டிரம்மும் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடலை மிதித்தாலும் வண்டி நிற்காது. பர்லியாறு தாண்டும்போது மூக்கில் ஏறும் கருகல் வாசனை இதுதான். "ஏறுகிற கியரிலேயே இறங்கு" என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இஞ்சினையே பிரேக்காக்கும் வழி. இஞ்சின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் அதற்குத் துணை.

வளைவுகளில் ஓட்டுநர் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. 12 மீட்டர் ஆர வளைவில் அந்த வேகத்துக்குப் பக்கவாட்டு விசை எடையில் 15 சதவீதம். 30-இல் போனால் விசை நான்கு மடங்காகி 59 சதவீதம். பாரமையம் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் இப்படியொரு வண்டி, ஸ்பிரிங் சாய்வைக் கணக்கில் எடுக்காமலே 50 சதவீதத்தில் கவிழும்.

பர்லியாற்றில் அரை மணி நேரம் நிறுத்தினார்கள். பையன் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைத் தொடாமல் நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டே போனான். இடதுபக்கப் பின்சங்கிலி விரல் நுழையும் அளவு தளர்ந்திருந்தது. இன்னும் இரண்டு சுற்று முறுக்கிவிட்டு, கதவைத் தட்டிச் சொன்னான்: "போலாமுங்ண்ணா."