பழவேற்காட்டில் மனை அளக்கக் கூப்பிடுகிறவர்களுக்கு

நான் நில அளவைப் பொறியாளன். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் 17 வருடமாக வேலை. மாதத்துக்கு ஒரு போனாவது இப்படி வந்துவிடும்: "சார், பழவேற்காட்டுல கடலைப் பார்த்த மாதிரி ஒரு இடம். விலையும் கம்மி. நீங்க வந்து அளந்து கல்லு நட்டுக் குடுத்தா ரிஜிஸ்டர் பண்ணிடலாம்." போன மாதம் கூப்பிட்டவர் இன்னொன்றும் சொன்னார்: "பத்தடியில நல்ல தண்ணி சார். குடிச்சே பாத்துட்டேன்."

அவர் குடித்தது நல்ல தண்ணீர்தான். ஆனால் அது எப்படி அங்கே நிற்கிறது என்று தெரிந்தால் யாரும் அந்த இடத்தில் வீடு கட்ட நினைக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பழவேற்காடு ஊரைக் கடந்து பாலம் ஏறினால் கீழே ஏரி. இறங்கினால் லைட் ஹவுஸ் குப்பம், அதைச் சுற்றி ஒரு மணல் பட்டை, அதற்கப்பால் வங்கக் கடல். முகத்துவாரத்துக்கு வடக்கே இதே மணல் அகன்று ஸ்ரீஹரிகோட்டா தீவாகிறது. 1971 முதல் ராக்கெட் கிளம்புகிற அதே ஸ்ரீஹரிகோட்டாதான். இந்த மணல் அணை கட்டியதுபோல நிற்பதால்தான் உள்ளே ஏரி இருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான்.

மழைத் தண்ணீர் இந்த மணலில் இறங்கி, அடியில் ஊறிக்கிடக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீருக்கு எடை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் காரணம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறும். ஊற்று தோண்டிக் குடத்தில் மொள்ளும் வரைக்கும் மணல் தாங்கும். போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் உங்கள் தண்ணீரோடு குப்பத்துக்காரர்கள் குடிக்கிற ஊற்றும் சேர்ந்து கரிக்கும்.

அடுத்தது மணல். அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. வருடத்தில் அதிக மாதங்கள் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் தெற்கே திரும்பும். வழியில் கல்லைக் கொட்டி மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1876-இல் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகமே இதற்குச் சாட்சி. அதற்குத் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது. இன்றைக்கும் பாறாங்கல் போட்டுத்தான் காக்கிறார்கள். இதே கதைதான் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் வழியாக வடக்கே போய்க்கொண்டிருக்கிறது.

நானே கண்டது ஒன்று. 2013-இல் உயரம் அளக்க அடையாளமாக ஒரு மட்டக் கல் நட்டேன். அன்றைக்கு அலை ஏறிய கோட்டிலிருந்து 38 மீட்டர் உள்ளே இருந்தது. இப்போது அலை உள்வாங்கும்போது மட்டும் அதன் தலை தெரிகிறது. பட்டாவில் போட்ட அளவு கடலுக்குத் தெரியாது.

மணலைப் பிடித்து வைத்திருப்பது அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான். காற்றில் வரும் மணல் அந்தப் புல்லில் சிக்கி விழ, புல் அதற்கு மேலே வளர, மேடு உயர்கிறது. மனை விற்கிறவர்கள் முதலில் பொக்லைன் வைத்து வழிப்பது இதைத்தான். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பில் மணல் மேடுகளும் ஆமை முட்டையிடும் கரைகளும் மிகக் கடுமையான பாதுகாப்பு வகையில் வருகின்றன. பத்திரம் பதிவாகிவிட்டதால் கட்ட அனுமதியும் கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள். அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று வரைபடத்தை முதலில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முகத்துவாரத்தை அங்கே 'வாய்' என்கிறார்கள். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு அந்த வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து திரும்பப் போகும். கோடையில் மணல் சேர்ந்து அது தூர்ந்துபோவதுண்டு. ஒருமுறை நான் மட்டம் எடுத்துக்கொண்டிருந்தபோது வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "வாய் அடைச்சிக்கிச்சின்னா எறா உள்ள வராது சார். அப்புறம் யாருக்கு எந்தப் பாடு வந்து என்ன?" ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வதுதான் பாடு. நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாதபடி தலைமுறையாகக் காத்துவரும் ஏற்பாடு. இப்படி ஓர் ஊரில்தான் நாம் வேலி போட இடம் தேடுகிறோம்.

வாங்க வேண்டாம், பார்க்க வாருங்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைநகர். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக இங்கிருந்து கப்பல் ஏற்றினார்கள். கோட்டை இன்று முள்புதர். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். மலேசியாவில் கைலியை இன்றைக்கும் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். அந்தப் பெலிக்காட் நம்முடைய பழவேற்காடுதான். ஊருக்குள் பெண்கள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வந்தால் ஏரியில் பூநாரை.

படகு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏறாதீர்கள், குழந்தைகளோடு போனால் நிச்சயமாக. ஏரி இடுப்பளவுதான் என்று சொல்வார்கள். வாய்ப் பக்கம் நிலைமை வேறு. வற்றம், அதாவது கடல் மட்டம் இறங்குவது, தொடங்கும் நேரத்தில் ஏரித் தண்ணீர் முழுக்க அந்தச் சின்ன இடைவெளியில் கடலுக்கு ஓடும். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

போன மாதம் கூப்பிட்டவரை அழைத்துப்போய் அந்த மட்டக் கல்லைக் காட்டினேன். இரண்டு அலை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "அட்வான்ஸ் குடுத்துட்டேன் சார்" என்றார்.