பர்க்ளர்: திருடன் என்று சொன்னால் போதுமா?

பில்போ பேகின்ஸுக்கு உண்மையில் திருடத் தெரியுமா தெரியாதா என்று அடித்துக்கொள்பவர்கள், முதலில் 'பர்க்ளர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒத்துக்கொண்டுவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 1937-இல் வந்த டோல்கீனின் 'தி ஹாபிட்' கதையில், ஸ்மாக் என்ற ட்ராகன் பறித்துக்கொண்ட தங்கள் மலையின் புதையலை மீட்கக் கிளம்பும் பதின்மூன்று குள்ளர்கள், ஹாபிட் என்ற குட்டை இனத்தவனான அவனைக் கூலிக்கு அமர்த்துவது இந்தப் பெயரில்தான். நாம் தமிழில் 'திருடன்' என்று சொல்லிவிட்டு, அவன் எங்கே திருடினான், எப்படித் திருடினான் என்று வாதிடுகிறோம். திருடன் என்பது பொதுச்சொல். பர்க்ளர் அப்படி இல்லை.

அந்தச் சொல் வந்தது இடைக்கால இங்கிலாந்தின் நீதிமன்ற லத்தீனிலிருந்து. 'பர்குலாட்டர்' என்று எழுதினார்கள். அதற்குள் இருப்பது, காவல் உள்ள இடம், கோட்டை, ஊர் என்று பொருள்படும் 'பர்க்' என்ற பழைய ஜெர்மானிய வேர் என்பார்கள். எடின்பரோவின் கடைசியில் இருப்பதும் அதுதான், நம் இடதுசாரிக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் 'பூர்ஷ்வா'வும் அதே வேரில் முளைத்ததுதான். வசதியான வீடு, நேரத்துக்குச் சாப்பாடு என்று வாழ்ந்த ஒரு பூர்ஷ்வாவைப் பிடித்துப் பர்க்ளர் ஆக்கியதில் டோல்கீனுக்கு உள்ளூர ஒரு சிரிப்பு இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1919, 20 வாக்கில் ஆக்ஸ்போர்டு அகராதியில் வேலை பார்த்தவர் அவர், சொல்லின் வேர் தெரியாமல் எழுதியிருக்க மாட்டார்.

பழைய ஆங்கிலச் சட்டம் இதற்கு வைத்த இலக்கணம் கறாரானது. இரவு நேரமாக இருக்க வேண்டும், ஆள் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும், உடைத்து நுழைய வேண்டும், உள்ளே பெருங்குற்றம் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். சாத்திய கதவைத் திறந்தாலே அது உடைத்ததாகத்தான் கணக்கு. எதையும் எடுக்காமல் வெறுங்கையோடு திரும்பினாலும் குற்றம் குற்றமே.

சரி, தமிழில்? புதுச்சொல் தேட வேண்டாம், கையிலேயே இருக்கிறது: கன்னக்கள்வன். கன்னம் என்றால் இங்கே முகத்தில் இருக்கும் கன்னம் இல்லை (சின்ன வயதில் 'கன்னம் வைத்தான்' என்று படித்து, யாரோ சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கினார்கள் என்றே நினைத்திருந்தேன்). சுவரில் போடும் துளைதான் கன்னம், அதைத் தோண்டும் கருவி கன்னக்கோல். காவல்துறைக் குறிப்புகளில் 'கன்னக்களவு' இன்னும் உயிரோடு இருக்கிறது. கொள்ளையன் வேறு, அவன் மிரட்டி வாங்குபவன். வழிப்பறிக்கு வீடே தேவையில்லை. முடிச்சவிழ்க்கி என்பவன் மடியிலும் பையிலும் கை வைப்பவன்.

இதை வைத்துக்கொண்டு கதையைப் பாருங்கள். பில்போவின் முதல் முயற்சி, பூதங்களில் ஒன்றான வில்லியமின் பையில் கைவிட்டுப் பணப்பையை உருவுவது. அந்தப் பை வாய் திறந்து பேசிவிடுகிறது, கையும் களவுமாகப் பிடிபடுகிறான். "பார், அவனுக்குத் திறமை இல்லை" என்பவர்கள் காட்டும் முதல் சாட்சி இதுதான். ஆனால் அது முடிச்சவிழ்க்கி வேலை. கன்னக்கள்வனை முடிச்சவிழ்க்கித் தேர்வில் உட்காரவைத்துவிட்டுத் தோற்றான் என்று சொல்வது நியாயமில்லை.

அவனுக்குக் கையில் பெரிய திறமை கிடையாது, காலில் உண்டு. ஓசையில்லாமல் நடப்பதும் சட்டென்று மறைவதும் ஹாபிட்டுகளுக்குப் பிறவியிலேயே வருவது. மதுரைக்காஞ்சி இரவுத் திருடர்களைக் காட்டும்போது நூலேணி, நிலம் அகழும் உளி, காலுக்குச் செருப்பு என்று முழு மூட்டை முடிச்சோடு காட்டிவிட்டு, கடைசியில் 'கண்மாறாடவர்' என்கிறது. கண் இமைப்பதற்குள் காணாமல் போகிறவர்கள். பில்போவிடம் உளியும் இல்லை, செருப்பும் இல்லை, அந்தக் கடைசிச் சொல் மட்டும் அப்படியே பொருந்துகிறது. அதுவும் போட்டால் ஆளையே மறைத்துவிடும் மோதிரம் கிடைத்த பிறகு கேட்கவே வேண்டாம்.

தொழில் தெரிந்த திருடனுக்கு எவையெவை துணை என்று சிலப்பதிகாரத்தில் ஒரு பட்டியல் வருகிறது: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. சொல்பவன் பொற்கொல்லன். கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் முகத்தைப் பார்த்தால் கொல்லத்தக்கவனாகத் தெரியவில்லையே என்று தயங்கும்போதுதான் இந்த எட்டையும் அடுக்குகிறான். பில்போவையும் குள்ளர்களில் ஒருவனான க்ளோயின் முதல் பார்வையிலேயே மளிகைக்காரர் மாதிரி இருக்கிறான் என்கிறான், ஆக முகத்தை வைத்துத் திருடனை எடைபோடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. எட்டில் எத்தனை பில்போவிடம் இருக்கிறது? மோதிரத்தை மந்திரக் கணக்கில் சேர்க்கலாம். ட்ராகனோடு விடுகதையாகப் பேசியது தந்திரம். கருவி? மலையின் ரகசியக் கதவுக்குச் சாவி குள்ளர்களின் தலைவன் தோரினுடையது. மருந்து? குள்ளர்களைச் சிறைவைத்த எல்ஃப் அரசனின் காவலன் குடித்துத் தூங்கியது அவனாகக் குடித்த மதுவால். அந்தக் காவலனின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் குள்ளர்களை விடுவித்துவிட்டு, பாவம், இவன் மாட்டிக்கொள்வானே என்று சாவியைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருகிறான் பில்போ. எந்தத் திருடன் இதைச் செய்வான்?

மலைக்குள் நுழைந்த இரவுதான் சட்டத்தின் கட்டங்களுக்கு ஓரளவு பொருந்துகிறது. இரவு, ஸ்மாக் குடியிருக்கும் இடம், திருடும் எண்ணம், கையில் இரட்டைப்பிடிக் கோப்பையோடு திரும்பியது, எல்லாம் சரி. ஆனால் கதவைத் திறந்தது வீட்டின் சொந்தக்காரர் வாரிசான தோரின், அதுவும் வீட்டுச் சாவியால். குடியிருந்தவன்தான் கொள்ளையன். எந்த வக்கீலும் இந்த வழக்கைக் காலை உணவுக்கு முன்பே உடைத்துவிடுவார்.

இதில் வேடிக்கை, தான் இப்போதுதான் நிஜமான பர்க்ளர் என்று பில்போவே நினைத்துக்கொள்வது, தோரின் உயிராய் மதித்த ஆர்க்கன்ஸ்டோன் மணியை எடுத்துப் பைக்குள் போட்டபோது. சுவர் இல்லை, கதவு இல்லை, கூட வந்தவர்களுக்குத் தெரியாமல் ஒளித்துக்கொண்டான், பிறகு என் பதினான்கில் ஒரு பங்கு இது என்று வாதம் வேறு. அதற்குத் தமிழில் கன்னக்களவு என்று பெயர் இல்லை. கையாடல்.