சோலார் பவர் பேங்க்கை பேக்ல தொங்கவிட்டு ட்ரெக் கிளம்பறதுக்கு முன்னாடி

பேட்டரி, சார்ஜர், பவர் பேங்க் சர்வீஸ் தான் நம்ம தொழில். லீவு சீசன் முடிஞ்சதும் பெஞ்சுக்கு வர்ற ஐட்டத்துல ஒண்ணு மட்டும் தவறாம இருக்கும், முதுகுல குட்டி சோலார் பேனல் ஒட்டின பவர் பேங்க், வயிறு உப்பி, மூடி பிளந்துகிட்டு. என்னங்க ஆச்சுன்னு கேட்டா "ஒண்ணுமே பண்ணலங்க, வெயில்ல தான் வச்சோம், சோலார் தானே"ன்னு பதில் வரும். கொண்டு வந்தவங்களை குத்தம் சொல்ல முடியாது, டப்பா மேல மலை, டென்ட், சூரியன்னு படம் போட்டு வித்தா வெயில்ல தான வைப்பாங்க.

பிரச்சனை அந்த பொருளோட அமைப்புலயே இருக்கு. பேனலுக்கு எவ்ளோ வெயில் கிடைச்சாலும் பத்தாது, லித்தியம் பேட்டரிக்கு வெயிலே ஆகாது, இந்த ரெண்டையும் முதுகோட முதுகா ஒட்டி ஒரே டப்பால போட்டு வித்துட்டு இருக்காங்க. நல்ல வெயில்ல கிடக்கற கறுப்பு பேனல் காத்தோட சூட்டை விட 25, 30 டிகிரி கூடவே ஏறும், அதாவது வெளிய 32 டிகிரின்னா பேனல் 60ஐ தொடும், அதுக்கு அடியில ஒட்டியிருக்கற பேட்டரி செல்லும் கூடவே வேகும். லித்தியம் அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணக்கூடாதுன்னு பெரும்பாலான செல் கம்பெனிங்க டேட்டாஷீட்லயே போட்டிருப்பாங்க. சூடு ஏற ஏற உள்ள இருக்கற எலக்ட்ரோலைட்ங்கற திரவம் சிதைஞ்சு கேஸ் உருவாகும், வயிறு உப்பறது அந்த கேஸால தான். உப்பினதோட நின்னா அதிர்ஷ்டம்னு வச்சுக்கோங்க, உள்ள பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கற மெல்லிய பிளாஸ்டிக் தாள் கெட்டுப்போனா ஷார்ட் ஆகி தீயே பிடிக்கும்.

சரி, இவ்ளோ ரிஸ்க் எடுத்தாவது சார்ஜ் ஏறுதான்னா அதுவும் இல்ல. கணக்கு போட்டு பாப்போம். உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டர்ல சுமார் 1000 வாட் ஒளி விழுது, பேனல் மேல போட்டிருக்கற வாட் எல்லாமே இந்த 1000 வாட், அதோட பேனல் செல் 25 டிகிரில இருக்கணும்ங்கற லேப் கணக்குல வந்தது தான். பவர் பேங்க் முதுகுல இருக்கற பேனல் 15 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலம்னு எடுத்துக்கோங்க, அது மேல விழற மொத்த ஒளியே பத்தரை வாட், அதுல 20 சதவீதம் கரன்ட்டா மாறினா 2 வாட், சூடு, கோணம், தூசு எல்லாம் போக கைக்கு வர்றது ஒண்ணு, ஒன்றரை வாட். 20000 எம்ஏஎச் பவர் பேங்க்கோட கொள்ளளவு 74 வாட் அவர், அதாவது ஒரு வாட்டை 74 மணி நேரம் குடுக்கற அளவு. வழியில வேஸ்ட் ஆகறதையும் சேர்த்தா இதை ரொப்ப 60 மணி நேரத்துக்கு மேல உச்சி வெயில் வேணும், ஒரு நாளைக்கு 5 மணி நேரம் அந்த மாதிரி வெயில் கிடைச்சாலே பெருசு, ஆக 12 நாள். யாரு 12 நாள் பவர் பேங்க்கை காய வச்சுட்டு உக்காந்திருக்க போறாங்க? அந்த குட்டி பேனல் வெறும் அலங்காரம், சிவப்பு லைட் எரியறத பாத்து சார்ஜ் ஏறுதுன்னு நம்பிடறோம்.

மூணு நாலு மடிப்பா விரியற மாடலும் இருக்கு, பரப்பு கூடறதால அது கொஞ்சம் பரவால்ல. ஆனா அதுலயும் பேட்டரி ஓரமா தைச்சு வெயில்லயே தான் தொங்கும், அதை கழட்ட முடியற மாடலா பாத்து வாங்கினா தான் உருப்படி.

என்கிட்ட கேட்டா, பேனல் தனி, பவர் பேங்க் தனி. மடக்கற டைப் பேனல் 20 வாட் கிட்ட ஒண்ணு, சாதாரண நல்ல பவர் பேங்க் ஒண்ணு, நடுவுல ஒரு ஒயர். பேனல் வெயில்ல கிடக்கும், பவர் பேங்க் பேனலோட முதுகு பக்க நிழல்ல கூட வேண்டாம், அங்கயும் சூடு இறங்கும், ஒரு முழம் தள்ளி பேக் நிழல்லயோ மர நிழல்லயோ கிடக்கட்டும். நிறைய பேனல்ல பின்னாடி ஒரு பை தைச்சிருப்பாங்க, போனை அதுக்குள்ள போட்டு சார்ஜ் பண்ணுங்கன்னு, தயவுசெஞ்சு அத நம்பாதீங்க, அது ஒயரை சுருட்டி வைக்க மட்டும் தான் லாயக்கு. ஐபோனையே 35 டிகிரிக்கு மேல இருக்கற இடத்துல யூஸ் பண்ணாதீங்கன்னு தான் ஆப்பிள் சொல்லுது.

அதே மாதிரி பேனல்ல இருந்து நேரா போனுக்கு குத்தறதும் வேலைக்காகாது. மேகம் ஒண்ணு குறுக்க வந்தா வோல்டேஜ் விழும், போன் சார்ஜிங்கை நிறுத்திடும், மேகம் போனதும் சில பேனல் தானா திரும்ப ஆரம்பிக்கும், சிலது பழைய குறைஞ்ச கரன்ட்லயே மாட்டிகிட்டு நிக்கும், நீங்க போய் ஒயரை புடுங்கி மறுபடி குத்தற வரைக்கும் சொட்டு சொட்டா தான் ஏறும். ஒவ்வொரு தடவையும் நின்னு நின்னு ஆரம்பிக்கும்போது போன் ஸ்கிரீன் வேற எரியும், வந்ததை அதுவே தின்னுடும். அதனால பகல்ல பேனல்ல இருந்து பவர் பேங்க்குக்கு, ராத்திரி பவர் பேங்க்ல இருந்து போனுக்கு, இந்த வரிசைய மாத்தாதீங்க. சின்னதா யூஎஸ்பி மீட்டர்னு ஒண்ணு கிடைக்குது, நடுவுல சொருகினா எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகுதுன்னு காட்டும், பேனல் வாங்கறவங்க அதையும் சேர்த்து வாங்கிடுங்க, கம்பெனிக்காரன் சொல்றத நம்பறத விட நம்ம கண்ணால பாக்கறது நல்லது.

கோணம் பத்தி சொல்லணும், ஏன்னா பாதி பேர் இங்க தான் கோட்டை விடறாங்க. வெயில் பேனல் மேல நேரா விழணும், 30 டிகிரி சாய்ஞ்சா பெருசா நட்டம் இல்ல, சுமார் 13 சதவீதம் தான் போகும், 60 டிகிரி சாய்ஞ்சா நேரடி வெயில்ல பாதி போச்சு. ஒரு பேனாவையோ குச்சியையோ பேனல் மேல செங்குத்தா நிறுத்தி அதோட நிழல் எவ்ளோ சின்னதா வருதோ அதுவரைக்கும் பேனலை சாய்ச்சுட்டே வாங்க, நிழலே இல்லன்னா கரெக்ட்டா இருக்குன்னு அர்த்தம். மணிக்கு ஒரு தடவை திருப்பி வைங்க போதும். இப்ப பேக்ல தொங்கவிட்டு நடக்கறத நினைச்சு பாருங்க, பேனல் செங்குத்தா நிக்குது, நீங்க திரும்பற பக்கமெல்லாம் திரும்புது, உச்சி வெயில் தலைக்கு மேல இருக்கு, பாதை மரத்துக்கு அடியில போகுது. போட்டோவுக்கு நல்லா இருக்கும்.

மர நிழல் விஷயம் இன்னும் மோசம். ஒரு சிலிக்கான் செல் தர்றது அரை வோல்ட்டுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோ தான், யூஎஸ்பிக்கு தேவையான 5 வோல்ட் கிடைக்கணும்னா பத்து பன்னெண்டு செல்லை வரிசையா கோத்திருப்பாங்க. வரிசைல ஒரு செல் முழுசா மறைஞ்சா மத்த செல்லுங்க கரன்ட்டும் அங்கயே தடைபடும். பெரிய பேனல்ல இதுக்குன்னு மறைஞ்ச செல்லை சுத்தி கரன்ட்டை திருப்பி விடற பைபாஸ் டயோடு போட்டிருப்பாங்க, மடக்கற சின்ன பேனல்ல அது பெரும்பாலும் இருக்காது. பேக் பட்டை ஒண்ணு குறுக்க கிடந்தாலே அவுட்புட் படுத்துடும், அதனால வெயில் கொஞ்சம் கம்மியான இடமா இருந்தாலும் பரவால்ல, புள்ளி புள்ளியா நிழல் விழற இடம் மட்டும் வேண்டாம். மேகமூட்டம்னா பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு தான் வரும்னு மனச தேத்திக்கோங்க.

இதெல்லாம் சரியா பண்ணினா 20 வாட் பேனல்ல நடைமுறைல 12 வாட் வரை பாக்கலாம், சூட்டுல மட்டுமே 10 சதவீதத்துக்கு மேல போயிடும், அது எந்த பேனலா இருந்தாலும் அப்படித்தான். கேம்ப்ல ஒரே இடத்துல விரிச்சு வச்சு நாலஞ்சு மணி நேரம் நல்ல வெயில் அடிச்சா ஒரு நாளைக்கு 50 வாட் அவர் கிட்ட. 5000 எம்ஏஎச் போன் பேட்டரி சுமார் 19 வாட் அவர், அப்போ வழியில போற நட்டமெல்லாம் கழிச்சு கிட்டத்தட்ட ரெண்டு போனுக்கு வரும். நடந்துகிட்டே இருக்கற ட்ரெக்னா இதுல மூணுல ஒரு பங்கு கூட உறுதி இல்ல.

இங்க தான் உண்மைய சொல்லிடறேன், ரெண்டு மூணு நாள் ட்ரிப்புக்கு சோலாரே வேண்டாம். 20000 எம்ஏஎச் பவர் பேங்க்ல உள்ள இருக்கற 74 வாட் அவர்ல 5 வோல்ட்டா மாத்தும்போது போனது போக 60 கிட்ட வெளிய வரும், கிட்டத்தட்ட மூணு தடவை போன் சார்ஜ் பண்ணலாம். ஒரு 20 வாட் பேனல் எடையும் இந்த பவர் பேங்க் எடையும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், பேனலுக்கு பதிலா இன்னொரு பவர் பேங்க் போட்டுட்டு போனா மழை பேஞ்சாலும் கவலை இல்ல. அஞ்சு நாளுக்கு மேல, கரன்ட்டே இல்லாத ஒரே இடத்துல கேம்ப் போடறவங்களுக்கு தான் பேனல் உண்மையிலயே காசுக்கு வேலை செய்யும், சைக்கிள்ல ரொம்ப நாள் சுத்தறவங்களுக்கும் ஓரளவுக்கு.

வாங்கும்போது கையில எடைய பாருங்க, இது எங்க தொழில்ல பழைய வித்தை. லித்தியம் அயான் செல் நல்ல தரத்துலயே ஒரு கிலோவுக்கு 250 வாட் அவர் சுமாரா தான் தரும், அப்போ 20000 எம்ஏஎச்க்கு செல் மட்டுமே 300 கிராம் வரணும், மேல டப்பா, சர்க்யூட், பேனல் வேற. 50000 எம்ஏஎச்னு எழுதிட்டு 250 கிராம் இருந்தா அது பொய், அவ்ளோ தான். பிரிச்சு பாத்தா உள்ள நாலாயிரம் அஞ்சாயிரம் எம்ஏஎச் செல் ஒண்ணு, மிச்சம் காலி இடம்னு இருக்கறதையும் பெஞ்சுல பாத்திருக்கேன், மணல் பொட்டலம் வச்சு எடை காட்டினதும் உண்டு, அதனால எடை கம்மியா இருந்தா கண்டிப்பா பொய்யின்னு சொல்லலாம், எடை சரியா இருந்தா நிஜம்னு சொல்ல முடியாது. வாட் அவர் எவ்ளோன்னு பாடில அச்சடிக்காத பவர் பேங்க்கை தொடாதீங்க, பிளைட்டுக்கும் அது தேவைப்படும், 100 வாட் அவர் வரைக்கும் பொதுவா கேபின் பேக்ல எடுத்துட்டு போலாம், செக்கின் லக்கேஜ்ல கூடவே கூடாது, அதுக்கு மேல 160 வரைக்கும் ஏர்லைன்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும்.

தண்ணி விஷயத்துல ஐபி67னு எழுதியிருந்தா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம், ஆனா பேனல்ல பல தடவை அந்த நம்பர் பேனல் தாளுக்கு மட்டும் தான் இருக்கும், யூஎஸ்பி போர்ட் இருக்கற கறுப்பு டப்பாவுக்கு இருக்காது. மழை வந்தா எடுத்து உள்ள வைங்க, போர்ட்ல தண்ணி போயிருந்தா காயற வரைக்கும் எதையும் குத்தாதீங்க.

குளிர் பிரதேசம் போறவங்களுக்கு கதை அப்படியே திரும்பும். பேனல் குளிர்ல இன்னும் நல்லா வேலை செய்யும், பனி மேல பட்டு திரும்பற வெளிச்சமும் சேரும், ஆனா பேட்டரி 0 டிகிரிக்கு கீழ இருக்கும்போது சார்ஜ் ஏத்தினா லித்தியம் உலோகமா ஆனோடு (செல்லோட நெகட்டிவ் பக்கம்) மேல படிஞ்சுடும், அது திரும்ப சரியாகாது, ஷார்ட்டுக்கும் அதுவே வழி. ராத்திரி பவர் பேங்க்கையும் போனையும் ஸ்லீப்பிங் பேக் உள்ள வச்சுக்கோங்க, சார்ஜ்ல போட்டு இல்ல, சும்மா. காலைல கை சூடு பட்டு கொஞ்சம் இளகினதுக்கு அப்பறம் பேனலோட சேருங்க.

டென்ட்டுக்குள்ள தூங்கும்போது தலைமாட்டுல சார்ஜ் போட்டு விடற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. அதுவும் பகலெல்லாம் வெயில் தின்ன பவர் பேங்க்கை. டென்ட் துணி எவ்ளோ வேகமா பத்திக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. உப்பின, கீழ விழுந்து நசுங்கின, இனிப்பு வாசம் மாதிரி கெமிக்கல் நெடி வர்ற பவர் பேங்க்கை சார்ஜும் பண்ணாதீங்க, யூஸும் பண்ணாதீங்க, குத்தி கேஸை எடுக்கறேன்னு வீடியோ பாத்து கிளம்பறவங்க கொஞ்சம் உக்காருங்க. புகை வந்தா முதல்ல ஆளுங்க வெளிய, அந்த புகை விஷம், அதை சுவாசிக்காதீங்க, தள்ளி நின்னு செய்ய முடிஞ்சா மட்டும் தண்ணிய தாராளமா ஊத்துங்க, இந்த சைஸ் பேட்டரிக்கு பக்கத்து செல்லுங்களை குளுர வைக்க தண்ணி போதும்.

வழி காட்டற மேப்பும் அவசரத்துக்கு பேசற போனும் மொத்தமா வெயிலை நம்பி இருக்கக்கூடாது. சிக்னல் இல்லாத இடத்துல போன் டவரை தேடி தேடியே பேட்டரிய காலி பண்ணும், ஏரோபிளேன் மோடுல போட்டுடுங்க, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணியிருந்தா ஜிபிஎஸ் அதுலயும் வேலை செய்யும். ஒரு பவர் பேங்க்கை முழுசா ரொப்பி, அவசரத்துக்குன்னு தனியா கட்டி வச்சுட்டு, மிச்சத்தோட சோலார் விளையாட்டை விளையாடுங்க.

ட்ரிப் முடிஞ்சு வந்ததும் பவர் பேங்க்கை முழு சார்ஜ்லயோ சுத்தமா காலியாவோ பரண் மேல போடாதீங்க, பாதி சார்ஜ்ல, சூடு இல்லாத இடத்துல வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து பாருங்க. பேனலை ஈரத்துணியால தொடச்சு, மடிப்புல ஒயர் விட்டுப்போயிருக்கான்னு பாத்துட்டு மடக்குங்க. உப்பினத குப்பை தொட்டில மட்டும் போடாதீங்க, குப்பை லாரில நசுங்கினா அங்கயே தீ பிடிக்கும், ஈ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட குடுங்க, குடுக்கற வரைக்கும் மண்ணு ரொப்பின இரும்பு டப்பால போட்டு வீட்டுக்கு வெளிய வைங்க.