நிறுமக் குற்றப் பொறுப்பு: ஒரு சொல் விளக்கம்

'கார்ப்பரேட் கிரிமினல் லயபிலிட்டி' என்ற சட்டத் தொடரைச் சிலர் 'பெருநிறுவனக் குற்றப் பொறுப்பு' என்று தமிழாக்குகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் வரும் 'பெரு' அங்கே இருக்கவே கூடாது. அதற்கான காரணம் இந்தச் சட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் பொருள். ஒரு கம்பெனியின் வேலையில் குற்றம் நடந்தால், அதைச் செய்த ஊழியரையோ இயக்குநரையோ மட்டும் பிடிக்காமல், கம்பெனியையே குற்றவாளியாக நிறுத்துவதுதான் இது. குற்றப்பத்திரிகையில் கம்பெனியின் பெயர் இருக்கும், தண்டனையும் அதற்கே. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்வது இதில் சேராது, அது உரிமையியல் (சிவில்) வழக்கு. இயக்குநர் சிறைக்குப் போவதும் சேராது, அது அவர் தலையில் விழும் தனிக் குற்றம். ஒரே சம்பவத்தில் மூன்றும் சேர்ந்து வரலாம் என்பதால் செய்திகளில் மூன்றையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

'கார்ப்பரேட்' என்பதன் வேர் 'கார்புஸ்' என்ற லத்தீன் சொல். உடல் என்று பொருள். பலர் சேர்ந்து ஒரே உடல் ஆவது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 'கிரிமினல்' என்பதற்கு அடியான 'கிரிமென்' குற்றச்சாட்டைக் குறிக்கும். 'லயபிலிட்டி' கட்டுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

பெயரில் உடல் இருந்தது. மனம்? அங்கேதான் சட்டம் பல நூற்றாண்டுகள் நின்றுவிட்டது. குற்றம் என்றால் செயல் மட்டும் போதாது, 'மென்ஸ் ரியா' எனப்படும் குற்ற மனமும் வேண்டும். 1612-இல் இங்கிலாந்தின் தலைமை நீதிபதிகளில் ஒருவரான எட்வர்ட் கோக், சட்டத்தால் உண்டான அமைப்புகளுக்கு ஆன்மா கிடையாது, ஆகவே அவை ராஜத்துரோகம் செய்ய முடியாது என்றார். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும், சங்கம் குற்றம் செய்ய இயலாது என்ற லத்தீன் வாசகம் நெடுங்காலம் செல்லுபடியானது. ஜெர்மனியில் இன்றும் கம்பெனிக்கு விதிப்பது நிர்வாக அபராதம்தான், குற்றவியல் தண்டனை அல்ல. பிரான்ஸ் 1994-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் கம்பெனியையும் குற்றத்துக்குப் பொறுப்பாளி ஆக்கியது. கடுமையான குற்றங்களில் கம்பெனியைக் கலைத்துவிடவும் அங்கே வழி உண்டு.

அமெரிக்கா இந்த முடிச்சை 1909-இலேயே அவிழ்த்தது. சர்க்கரை ஏற்றுவதற்குச் சட்டவிரோதமாகக் கட்டணத் தள்ளுபடி கொடுத்ததாக நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே மீது வழக்கு. ஊழியர் தன் வேலை வரம்புக்குள் செய்த குற்றத்துக்குக் கம்பெனியையும் தண்டிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இங்கிலாந்து வேறு பாதையில் போனது. கம்பெனியின் மூளையாக இருந்து அதை நடத்துபவரின் மனமே கம்பெனியின் மனம், கீழே வேலை செய்பவர்களின் மனம் கணக்கில் வராது என்று வைத்துக்கொண்டது. 1971-இல் டெஸ்கோ என்ற பேரங்காடிக் கம்பெனியின் வழக்கில் இதன் விளைவு தெரிந்தது. ஒரு கிளையில் விளம்பரத்தில் போட்டதைவிட அதிக விலைக்குச் சலவைத்தூள் விற்கப்பட்டது. கடை மேலாளர் கம்பெனியின் மூளை அல்ல, அவர் 'வேறு ஆள்' என்று அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கம்பெனி தப்பியது.

விலைச் சீட்டோடு போயிருந்தால் விட்டுவிடலாம். 1987 மார்ச்சில் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பல், வாகனங்களை ஏற்றும் முன்கதவு திறந்தபடியே பெல்ஜியத் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கவனக்குறைவு மேலிருந்து கீழ்வரை பரவியிருந்தது என்று விசாரணையே சொன்னது. ஆனாலும் கப்பல் கம்பெனி மீதான உயிர்ப்பறிப்பு (கொலையாகாத மரணம் விளைவித்தல்) வழக்கு 1990-இல் சரிந்தது. மேல்மட்டத்தில் தனியொருவர் தலையில் முழுக் குற்றத்தையும் நிறுவ முடியவில்லை, பலரின் தவறுகளைக் கூட்டிக் கம்பெனியின் குற்றமாக்கவும் சட்டம் இடம் தரவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, லைம் பே கடலில் சிறுபடகுப் பயணத்தில் நான்கு பதின்வயதினர் இறந்த வழக்கில் ஒரு கம்பெனி தண்டிக்கப்பட்டது. அது சின்னஞ்சிறு கம்பெனி. நடத்தியவரும் மூளையும் ஒருவரே என்பதால் நிரூபிப்பது எளிதாக இருந்தது. பெரியதாக இருப்பதே கேடயமாவது எனக்குச் சகிக்க முடியாத அநீதியாகத் தெரிகிறது. பிரிட்டன் 2007-இல் கம்பெனிகளின் உயிர்ப்பறிப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 2023-இல் வந்த இன்னொரு சட்டம் பொருளாதாரக் குற்றங்களில் மூத்த மேலாளரின் மனத்தையும் கம்பெனியின் கணக்கில் சேர்த்தது.

இந்தியாவில் சிக்கல் தண்டனையில் வந்தது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமே 'ஆள்' என்பதில் கம்பெனியையும் சேர்த்திருந்தது. ஆனால் சட்டம் சிறையையும் அபராதத்தையும் சேர்த்தே கட்டாயமாக்கியிருந்தால் என்ன செய்வது? கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாதே. அதனால் வழக்கே நிற்காது என்று ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. 2005-இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. சிறை முடியாவிட்டால் அபராதம் விதிக்கலாம், வழக்கிலிருந்து விலக்கு கிடையாது என்றது. குற்ற மனத்தையும் கம்பெனிக்கு ஏற்றிச் சொல்லலாம் என்பதை 2010-இல் மோட்டோரோலா மீதான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதே 2010-இல்தான் 1984 போபால் விஷவாயுக் கசிவுக்கான தீர்ப்பும் வந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு யூனியன் கார்பைடு இந்தியா கம்பெனிக்கு விதித்த அபராதம் சுமார் 5 லட்சம் ரூபாய். பொறுப்பு என்ற சொல் சட்டத்தில் இருந்தும் அதற்கு எடை இல்லாமல் போன இடம் அது.

சரி, தமிழில் எது பொருத்தம்? நம் பேச்சில் 'கார்ப்பரேட்' என்றாலே பெரும் பணபலமுள்ள தனியார் கம்பெனி என்று ஆகிவிட்டது. சட்டத்தில் அப்படி இல்லை. இரண்டு பேர் பங்குதாரராக உள்ள கம்பெனியும் கார்ப்பரேட்தான். 'பெரு' சேர்த்தால் சட்டம் இதுவரை எளிதாகப் பிடித்துவந்த சிறிய கம்பெனி விளக்கத்திலிருந்தே விழுந்துவிடும். 'நிறுவனம்' மிக அகலமான சொல், அரசு அலுவலகத்தையும் ஆய்வகத்தையும்கூடச் சேர்த்துக்கொள்ளும். இலங்கையில் 'கூட்டுத்தாபனம்' உண்டு, ஆனால் அது பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமானதையே நினைவூட்டும். வணிகவியல் பாடநூல்களில் நெடுநாள் வழங்கும் 'நிறுமம்' பதிவுபெற்ற கம்பெனியையே குறிக்கும். ஆகவே என் தேர்வு 'நிறுமக் குற்றப் பொறுப்பு'.

'லயபிலிட்டி'க்குக் 'கடப்பாடு' என்றும் எழுதுவதுண்டு. கடன், ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். குற்றத்துக்குப் 'பொறுப்பு' மேல். பொறு என்ற வினைக்குச் சுமத்தல், தாங்குதல் என்ற பொருள் உண்டு, தண்டனையைச் சுமப்பவர் யார் என்பதுதான் இங்கே கேள்வி. சொல் புதிதாகத் தோன்றும் வாசகருக்கு முதல் முறை மட்டும் 'கம்பெனியையே குற்றவாளியாக்கும் நிறுமக் குற்றப் பொறுப்பு' என்று விரித்து எழுதலாம். இயக்குநர் மீதான வழக்கைச் சொல்லும்போது இந்தத் தொடரைப் பயன்படுத்தாமல், 'இயக்குநரின் குற்றப் பொறுப்பு' என்று தனியாக எழுதுவதே சரி.